கறிவேப்பிலைப் புழுவும் செம்பருத்தி இலையும்



சிகந்திராபாத்தில் நாம் குடியிருக்கும் வீட்டின் மொட்டைமாடியில், ஒரு தொட்டியிலே கறிவேப்பிலைச் செடி வளர்ந்து வருகிறது. ஊரிலிருந்து திரும்பும்போது வேரும் மண்ணும் சேர ஈரச் சாக்கில் சுற்றி இரயிலில் கொண்டுவந்த கன்று அது. வேற்று மாநிலங்களில் வாழும் தமிழர் இல்லங்களில் இத்தகைய தொட்டி ஒன்றேனும் இருக்கும். அதன் அருமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. சென்ற மழைக்காலத்தில் ஒருநாள் அதன் இலைகளில் பறவை எச்சம் போன்று கறுப்பும் வெள்ளையுமாகச் சில துளிகள் தென்பட்டன. உற்று நோக்கியபோது அவை அசைந்தன. சில நாட்களுக்குள் அவை பருத்த பச்சைப் புழுக்களாகிவிட்டன. செடியில் ஈர்க்குகளே மிஞ்சும் நிலை வந்தது. தொட்டால், தலைக்குப் பின்னிருந்து இருபிளவான சிவந்த கொம்பொன்றை நீட்டிக் கடுநெடி வீசின.

பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மையார் எட்டிப் பார்த்து, “மந்து கொட்டண்டி” என்றார். மருந்து அடியுங்கள் என்பது பொருள். கறிவேப்பிலையை நாளும் குழம்பில் இடும் நமக்கு அதன்மீது நஞ்சு தெளிக்க மனம் ஒப்பவில்லை. புழுக்களைக் கொல்லவும் கை வரவில்லை. எனவே நடுவழி ஒன்று கண்டோம். அடுத்த தொட்டியில் செம்பருத்தி தழைத்து நின்றது. புழுக்களை ஒவ்வொன்றாக எடுத்து அதன்மேல் விட்டு, பறவைகள் கொத்தாமலிருக்கப் பழைய கொசுவலையையும் போர்த்தி வைத்தோம். கறிவேப்பிலையும் பிழைக்கும், புழுவும் பிழைக்கும் என்பது நம் கணக்கு. நான்காம் நாள் வலையை நீக்கினோம். செம்பருத்தி இலைகளில் ஒரு கடி கூட இல்லை. புழுக்கள் யாவும் தொட்டியின் அடியில் சுருங்கிச் செத்துக் கிடந்தன.

கைநிறைய இலை இருக்க, அவை ஏன் பட்டினி கிடந்து மாண்டன? அறியாது செய்த அந்தப் பிழைதான் இந்தப் பேச்சுக்குக் காரணம்.

அப்புழுக்கள் கறிவேப்பிலை அழகி என்று இக்காலத்தில் பெயரிட்டு வழங்கும் வண்ணத்துப்பூச்சியின் குஞ்சுகள். அதற்கு நெருங்கிய உறவான எலுமிச்சை அழகியும் இவ்வாறே. எலுமிச்சை, நாரத்தை, வில்வம், கறிவேப்பிலை ஆகியன தாவர நூலார் கணக்கில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அக்குடும்பத்துச் செடிகளின் இலைகளே இவற்றுக்கு உணவு. பிற இலைகள் அவற்றுக்கு இலைகளே அல்ல எனலாம். இஃது இவ்விரண்டு பூச்சிகளுக்கு மட்டும் உரிய பிடிவாதமும் அன்று. பட்டுப்புழுவுக்கு முசுக்கட்டை என்னும் மல்பெரி இலை வேண்டும். வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழு, ஆடும் தீண்டாத எருக்கிலையைத் தின்று வளர்கிறது. செடிகளைத் தின்னும் பூச்சியினங்களுள் மூன்று தாவரக் குடும்பங்களுக்கு மேல் உண்பவை பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்று கணக்கிட்டிருக்கின்றனர். கண்டதையெல்லாம் தின்னும் வெட்டுக்கிளியை நாம் பூச்சிகளின் பொது இலக்கணமாகக் கருதுகிறோம்; உண்மையில் அதுவே விதிவிலக்கு.

ஒரு பூச்சி சார்ந்து வாழும் செடியை ஆங்கில விஞ்ஞான நூல்கள் விருந்தளிப்பவர் என்ற சொல்லால் குறிக்கும். தமிழில் ‘ஓம்புயிர்’ என்று மொழிபெயர்க்கிறோம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இச்சொல்லைக் காணுந்தோறும் சற்று உறுத்தல் உண்டு. ஓம்புதல் என்பது விரும்பிப் பேணுவது. செடியோ இவ்விருந்தினரை அழைத்ததுமில்லை. வந்தவரைத் துரத்த அது செய்யாத சூழ்ச்சியும் இல்லை. வேறு சொல் வழக்கில் ஊன்றும்வரை இதையே கையாள வேண்டியிருக்கிறது.

செடியால் ஓட முடியாது. கையோங்கி அடிக்கவும் முடியாது. ஆதலின் அதன் படைக்கலங்கள் பெரும்பாலும் இரசாயனப் பொருள்கள். எருக்கின் பால், வேம்பின் கசப்பு, கடுகின் காரம், எலுமிச்சை இலையின் வாசனை யாவும் அவ்வகையைச் சேர்ந்தவை. செடியின் வளர்ச்சிக்கு நேராக உதவாத இப்பொருள்கள் எதற்காக உள்ளன என்ற வினா நெடுங்காலம் விடையின்றி இருந்தது. அவை செடியின் கழிவுகள் என்றுகூடக் கருதினர். 1959-ஆம் ஆண்டில் காட்ஃபிரைடு ஃபிரேங்கெல் என்ற பூச்சியியலார், இவை பூச்சிகளை விலக்குவதற்காக அமைந்தவை என்று வற்புறுத்தி எழுதினார். 1964-இல் பால் எர்லிக், பீட்டர் ரேவன் என்னும் இருவர், வண்ணத்துப்பூச்சிகளையும் அவற்றின் உணவுச் செடிகளையும் ஒப்புநோக்கி, செடியும் பூச்சியும் ஒன்றுக்கொன்று ஈடுகொடுத்தே மாறிவந்துள்ளன என்ற கருத்தை நிலைநாட்டினர்.

அவர்கள் கூறும் முறையைச் சற்று விரித்துப் பார்ப்போம். தற்செயலான மாறுதலால் ஒரு செடியில் புதியதொரு நஞ்சு உண்டாகிறது. பூச்சிகள் பல அதை விட்டு விலகுகின்றன. அச்செடி பெருகுகிறது, அதன் வழித்தோன்றல்கள் பல இனங்களாகக் கிளைக்கின்றன. பல்லாயிரம் தலைமுறைகளுக்குள் ஏதோ ஓர் இனப் பூச்சியில் அந்த நஞ்சைச் சிதைக்கவல்ல நொதி சற்றே மிகுதியாகச் சுரக்கும் சில புழுக்கள் பிறக்கின்றன. மற்றவை மடிய, இவை பிழைத்து முட்டையிடுகின்றன. அவற்றின் சந்ததியுள்ளும் வலியவை நிலைபெறுகின்றன. போட்டியற்ற பந்தி ஒன்று அவற்றுக்குக் கிடைத்துவிடுகிறது. எந்தப் பூச்சியும் நான் கறிவேப்பிலைக்கே உரியவன் என்று தீர்மானம் செய்துகொண்டதில்லை. பிழைத்தவற்றின் பிள்ளைகள் எஞ்சின, அவ்வளவே.

இதற்குக் கண்கூடான சான்று உண்டு. எலுமிச்சைக் குடும்பத்துச் செடிகள் பலவற்றிலும், கார்போகரிசிச் செடியிலும், கொத்துமல்லிக் குடும்பத்துச் செடிகள் சிலவற்றிலும் ஒருவகை நச்சு உள்ளது. வெயில் படும்போது அது உயிரணுக்களின் மரபுப்பொருளைக் கெடுத்துவிடும். எலுமிச்சைச் சாறு பட்ட கையோடு வெயிலில் நின்றால் சிலருக்குத் தோல் கறுத்துக் கொப்புளிப்பதும் இதனாலேயே. 1978-இல் மே பெரன்பாம் என்ற அமெரிக்க அம்மையார் பலவகை இலைகளைத் தின்னும் ஒரு படைப்புழுவின் உணவில் இந்நச்சைக் கலந்து ஒளியில் வைத்தபோது அவை மாண்டன. கொத்துமல்லிக் குடும்பத்தில் வாழும் கரிய அழகி வண்ணத்துப்பூச்சியின் புழுக்களுக்கோ அதனால் கேடில்லை. அவற்றின் குடலில் அந்த நஞ்சை விரைந்து சிதைக்கும் நொதி அமைந்திருக்கிறது.

இங்கே ஒரு வியப்பு. பூச்சி அந்த நஞ்சைத் தாங்கக் கற்றதோடு நிற்கவில்லை. அந்த வாசனையையே தன் வீட்டு முகவரியாகக் கொண்டுவிட்டது. 1910-இல் ஆம்ஸ்டர்டாமில் வெர்ஷாஃபெல்ட் என்ற தாவர அறிஞர், முட்டைக்கோசு தின்னும் புழுக்கள் தொடாத இலைகளின்மேல் கடுகுக் குடும்பச் செடியொன்றின் சாற்றைத் தடவினார். புழுக்கள் அவ்விலைகளைத் தின்றன. 1941-இல் வின்சென்ட் டெத்தியர் என்பவர், மேலே சொன்ன அழகிப் புழுக்களுக்கு அவற்றின் உணவுச் செடிகளிலுள்ள நறுமண எண்ணெய்ப் பொருள்களில் தோய்த்த வடிதாளைக் கொடுத்தார். புழுக்கள் தாளைக் கடித்தன! மற்றப் பூச்சிகளுக்கு ‘அணுகாதே’ என்று எழுதிய பலகை, இவற்றுக்கு ‘சாப்பாடு தயார்’ என்ற பலகையாகிவிட்டது. நம் செம்பருத்தி இலையில் அந்தப் பலகை இல்லை. பசி இருந்தும், அது உணவு என்று சொல்லும் சுவை நாவில் படாமையால் புழுக்கள் வாயைத் திறக்கவே இல்லை.

உண்மையில் இடம் தேர்வது புழுவன்று, தாய்ப்பூச்சி. அது செடி செடியாய்ப் பறந்து, இலையின்மேல் அமர்ந்து, முன்கால்களால் மத்தளம் கொட்டுவதுபோல் தட்டிப் பார்க்கும். சுவையறியும் நுண்மயிர்கள் அதன் கால்களில் உள்ளன. சுவை பொருந்தினால் வயிற்றை வளைத்து ஒரு முட்டை இடும், பொருந்தாவிடில் பறந்துவிடும். காலையில் மாடியில் துணி உலர்த்தும் எவரும் பொறுமையோடு நின்றால் இக்காட்சியைக் காணலாம்.

ஆயினும் இவ்வாறு ஒரு குடும்பத்துக்குள் ஒடுங்குவதால் பூச்சிக்கு இழப்பு உண்டல்லவா? பலவற்றையும் தின்னவல்லது எங்கும் பிழைக்குமே என்று கேட்கலாம். ஜொன்ன ரொட்டியும் கோங்குராவும் உண்ணப் பழகிக்கொண்ட நமக்கு இக்கேள்வி இயல்பானதுதான். விடை ஒன்றாக இல்லை. எல்லா நஞ்சுகளுக்கும் மாற்று வைத்திருப்பது செலவு மிகுந்த காரியம் என்பர் சிலர். பூச்சியின் மூளை சிறியது. ஒரே வாசனையைத் தேடும் பூச்சி விரைவாகவும் பிழையின்றியும் தேர்கிறது, தயங்குவது இரையாகிறது என்பர் வேறு சிலர். எலிசபெத் பெர்னேஸ், கிரகாம் ஆகிய இருவர் 1988-இல் எழுதிய கட்டுரையில், செடியின் நஞ்சைவிடப் பூச்சியைத் தின்னும் பகைவர்களே இவ்வொடுக்கத்துக்குப் பெருங்காரணம் என்று வாதிட்டனர். தனக்குப் பழகிய இலையின் நிறத்தோடு ஒன்றி மறைந்திருக்கும் புழு, வேற்றிலையில் பளிச்செனத் தெரிந்துவிடும். நாம் வலை போர்த்தியது எவ்வளவு பொருத்தமான செயல் என்று எண்ணிக்கொள்ள வேண்டியதுதான். பிழை வேறிடத்தில் இருந்தது.

இவ்வாராய்ச்சி ஏட்டறிவோடு நிற்பதன்று. ஐதராபாத்துக்கு அருகே பட்டான்செருவில் 1972-இல் நிறுவப்பட்ட பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் சோளம், கம்பு, துவரை, கடலை முதலிய புன்செய்ப் பயிர்களை ஆராய்கின்றனர். அப்பயிர்களின் பகைவருள் இரண்டு வகை ஒழுக்கமும் காணப்படுகிறது. சோளக் குருத்து ஈ என்பது சோளத்தையும் அதன் காட்டு உறவினங்களையுமே பெரும்பாலும் நாடுவது. முளைத்து ஒரு மாதம் ஆகாத இளம்பயிரின் இலையடியில், நடுநரம்புக்கு இணையாக, வெண்ணிற முட்டை ஒன்றை ஒட்டிவைக்கும். புழு குருத்துக்குள் இறங்கி வளரும் முனையை அறுத்துவிட, நடுக்குருத்து காய்ந்துபோகும். பிடுங்கினால் கையோடு வரும். காய்த்துளைப்புழு என்னும் மற்றொன்றோ நூற்றுக்கு மேற்பட்ட செடிகளில் வாழ்வது. துவரை, கடலை, பருத்தி, தக்காளி எதையும் அது விடாது. கடலைச் செடி இலைமயிர்களில் சுரக்கும் புளிப்பு நீர் அதற்கு ஒவ்வாததாயினும் முழுதும் தடுப்பதில்லை. (அப்புளிப்பைப் பனிக்காலை வேளையில் செடிமீது துணி விரித்துப் பிழிந்தெடுத்து மருந்துக்குப் பயன்படுத்தியவர் நம் முன்னோர்.)

ஒன்றையே நாடும் பகைவனிடம் ஒரு வசதி உண்டு: அவன் எந்த அடையாளத்தைக் கொண்டு வருகிறான் என்று கண்டுபிடித்துவிட்டால், அவ்வடையாளத்தை மாற்றிவிடலாம். பல்லாயிரம் சோள வகைகளை விதைத்துப் பார்த்தபோது, நாற்றுப்பருவத்தில் இலை பளபளப்பாக உள்ள வகைகளிலும், இலையடியில் நுண்மயிர் அடர்ந்த வகைகளிலும் குருத்து ஈ குறைவாகவே முட்டையிட்டது. அப்பண்புகளைப் புதிய வகைகளில் புகுத்தும் முயற்சி தொடர்ந்து நடந்துவருகிறது. மழை தொடங்கியதும் ஊரார் யாவரும் ஒருங்கே விதைத்துவிட்டால் சேதம் குறையும் என்பதும், பிந்தி விதைத்தவன் வயலில் ஈ மொய்க்கும் என்பதும் தக்காண உழவர் அறிந்தவை. ஒரே உணவை நம்பும் ஈக்கு அவ்வுணவு கிடைக்கும் நாட்களும் சிலவே அல்லவா?

இனி, மேலும் கடினமான ஒரு வினா. ஒன்றையே தின்னும் பூச்சி என்றென்றும் அதையே தின்னுமா? களை ஒன்றை ஒழிக்க வேற்று நாட்டுப் பூச்சியைக் கொணர்ந்து விட எண்ணும்போது இவ்வினா உழவரின் வாழ்வைத் தொட்டுவிடுகிறது.

நம் தமிழகமே இதற்குப் பழைய ஆய்வுக்களம். கிழக்கிந்தியக் கம்பெனியார் மெக்சிகோ நாட்டுச் செஞ்சாயப் பூச்சியை இங்கே வளர்க்க ஆசைப்பட்டனர். சென்னையில் மருத்துவ அதிகாரியாயிருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் அதற்கென்றே சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் வைத்தார். 1795-இல் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்கு ஒரு பூச்சி வந்துசேர்ந்தது. அஃது உயர்ந்த சாயம் தரும் இனமன்று. தவறுதலாக வந்த உறவினம். சாய வாணிகம் தோற்றது. ஆயின் அந்தப் பூச்சி, வேலியாக நட்டுக் காடாய்ப் பரவியிருந்த ஒருவகைச் சப்பாத்திக்கள்ளியை உறிஞ்சி அழித்தது. பயனறிந்து 1836 முதல் 1838 வரை தென்னாட்டில் அதை வேண்டுமென்றே பரப்பினர். பூச்சியைக் கொண்டு களையை வென்ற உலகின் முதல் முயற்சிகளுள் இஃது ஒன்று.

அதே கதையின் மறுபாதி நம் பொருளுக்கு மிக நெருங்கியது. தென்னாட்டில் மற்றொரு சப்பாத்திக்கள்ளியும் இருந்தது. பார்வைக்கு இரண்டும் உடன்பிறந்தவை போன்றவை. பூச்சி அதைத் தொடவில்லை. நூறாண்டுக்கு மேலாக அக்கள்ளி மேய்ச்சல் நிலங்களையும் ஊர்ப்புறங்களையும் முள்ளால் அடைத்துக்கொண்டிருந்தது. 1926-இல் இலங்கையிலிருந்து வேறோர் இனச் சாயப்பூச்சியைத் தருவித்து விட்டனர். சில ஆண்டுகளுக்குள் அந்தக் கள்ளிக் காடுகளும் சரிந்தன. மனிதன் கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றிய இரு கள்ளிகளைப் பூச்சி நூறாண்டும் பிரித்தே அறிந்திருந்தது.

ஆயினும் பூச்சி ஒருபோதும் மாறாது என்று இதைக்கொண்டு சாதிக்க இயலாது. அமெரிக்காவில் காட்டுமுள் மரமொன்றின் கனியில் வாழ்ந்த ஓர் ஈ, குடியேறியோர் நட்ட ஆப்பிள் மரத்துக்கு 1860-களில் தாவியது. ஆப்பிள் முந்திப் பழுப்பதால் அதில் வாழும் ஈக்களும் முந்திப் பிறந்து, முந்தி இணைந்து, பழைய கூட்டத்திலிருந்து மெல்லப் பிரிந்துவருகின்றன. நம் எலுமிச்சை அழகியின் ஆஸ்திரேலியக் கிளையும் அவ்வாறே எலுமிச்சைக் குடும்பத்தை விட்டு அவரைக் குடும்பத்துச் செடியில் வாழ்கிறது. எந்தச் செடி என்று பாருங்கள்: கார்போகரிசிக்கு நெருங்கிய உறவு! எலுமிச்சைக்கும் கார்போகரிசிக்கும் பொதுவான நச்சைப் பற்றி மேலே கூறினோம். பூச்சி தாவினாலும் பழகிய வாசனையின் பாலத்தின் வழியாகவே பெரும்பாலும் தாவுகிறது.

இதை மனத்திற்கொண்டு பார்த்தீனியத்துக்கு வருவோம். தெலுங்கு மக்கள் இதை ‘வய்யாரிபாமா’ என்பர். ஒயிலாக ஆடும் பெண் என்று பொருள். பெயர் அழகியது, செடி மூச்சிரைப்பும் தோல்நோயும் தருவது. 1955-இல் புனேயில் முதன்முதலாகக் கவனிக்கப்பட்டு, நாடெங்கும் சாலையோரம், தரிசு, இரயில் பாதை என்று பரவியது. 1983-இல் மெக்சிகோவிலிருந்து, வெண்மஞ்சள் முதுகில் கபிலநிறக் கோடுகள் கொண்ட ஒரு சிறு வண்டைத் தருவித்துப் பெங்களூரில் சோதித்தனர். பல பயிர்களின் இலைகளைத் தனித்தனியே கொடுத்துப் பார்த்து, தீங்கில்லை எனத் தெளிந்தபின் 1984-இல் வெளியே விட்டனர். வண்டு பார்த்தீனியத்தை மொட்டையடித்தது. மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1990-களின் தொடக்கத்தில் கர்நாடகத்தில் சில வயல்களில் அவ்வண்டு சூரியகாந்தி இலைகளைக் கடிப்பதைக் கண்டனர்.

உழவர் அஞ்சியதில் பிழையில்லை. பார்த்தீனியமும் சூரியகாந்தியும் ஒரே குடும்பம். தக்காணத்தில் சூரியகாந்தி பணப்பயிர். எண்ணெய்வித்து ஆராய்ச்சிக்கென்று ஐதராபாத்தின் ராஜேந்திரநகரில் தனி நிறுவனமே உண்டு. வண்டை மேலும் பரப்புவது நிறுத்தப்பட்டது. மத்திய சர்க்கார் உண்மையறியக் குழு அமைத்தது. ஆராய்ந்தபோது வெளிப்பட்டது என்ன? சூரியகாந்தி வயலின் வரப்பில் பார்த்தீனியம் பூத்து, அதன் மகரந்தம் பயிரின் இலைகளில் படிந்திருந்தது. அந்த மகரந்தத்தில் இருந்த பார்த்தீனியத்தின் கசப்புப் பொருளே வண்டைக் கடிக்கத் தூண்டிற்று. வெர்ஷாஃபெல்ட் தூரிகையால் செய்த வேலையை இங்கே காற்று செய்துவிட்டது! சூரியகாந்தியில் இட்ட முட்டையிலிருந்து வந்த புழுக்கள் பெரும்பாலும் வளர்ந்து முடிவதில்லை. நுனிப்புல் மேய்வது வேறு, குடித்தனம் நடத்துவது வேறு. சந்ததி தழைத்தாலன்றிப் புதிய பழக்கம் இனத்தில் ஊன்றாது. தடை பின்னர் நீக்கப்பட்டது.

நம் கருத்தைக் கேட்டால், நிறுத்தியதும் சரி, ஆராய்ந்து நீக்கியதும் சரி. கண்டவுடன் வண்டைத் தூற்றியோரும், கேள்வி கேட்ட உழவரை அறியாதவர் என்றோரும் ஒருங்கே அவசரப்பட்டனர். ஆப்பிள் ஈயின் கதை இருக்கும்வரை, வயலோரத்தை ஆண்டுதோறும் போய்ப் பார்த்துவர வேண்டிய வேலை முடிந்ததாகாது. சூரியகாந்தி விதைப்போர் வரப்பிலுள்ள பார்த்தீனியத்தைப் பூக்குமுன் களைந்துவிடுவது எவ்வாறாயினும் நன்று.

கோடையில் அவ்வண்டுகளைக் காண இயலாது. மண்ணுக்குள் புதைந்து உறங்கி, மழை விழுந்ததும் மேலே வருகின்றன. சிகந்திராபாத்தில் இரயில் பாதையோரம் ஆடி மாதத்தில் அவற்றை நாம் கண்டிருக்கிறோம். சல்லடையாகிப் போன வய்யாரிபாமாவின் இலைகளில் கோடுபோட்ட வண்டுகள் இணையிணையாக அமர்ந்திருக்கும். அருகே துளிர்த்திருந்த எருக்கை அவை ஏறிட்டும் பார்க்கவில்லை.

கறிவேப்பிலை மீண்டும் துளிர்த்துவிட்டது. அதன் விதையொன்றைப் போட்டு முளைத்த கன்றை வேறு தொட்டியில் வைத்து, மாடியின் கோடியில், சமையலுக்குப் பறிக்காமல் விட்டிருக்கிறோம். முதற்செடியில் புழு தென்பட்டால், இம்முறை அங்கே எடுத்துவிடுவதாக உத்தேசம்.